ஃபார்மலின் நெடி: லேப்பில் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும்?

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டுவார். ‘இதை பயாப்ஸி லேப்ல கொடுத்துடுங்க.’ உள்ளே திரவத்தில் மிதக்கும் சதைத் துண்டு. கேன்சராக இருந்துவிடக் கூடாதே என்ற தவிப்பில் இருக்கும் உறவினருக்கு, அந்தத் திரவத்தைப் பற்றி யோசிக்க நேரம் ஏது?

அது ஃபார்மலின். சதை அழுகாமல் காப்பது. 1893-ல் ஜெர்மன் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ப்ளூம் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்தபோது, அவருடைய விரல் நுனிகளே விறைத்துப்போயின. அதிலிருந்து பிறந்ததுதான் திசுவைப் பதப்படுத்தும் முறை. இதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், இதிலுள்ள ஃபார்மால்டிஹைடை 2004-ல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கேன்சரைக் கண்டுபிடிக்கும் மேசையிலேயே இந்த ஆபத்து!

காற்றோட்டத்துக்குப் பேர்போன ஊர் காரைக்குடி. செட்டிநாட்டு வீட்டில் முற்றம் வழியே வெக்கை மேலேறிப் போய்விடும். ஆனால், அப்படியொரு வீட்டில் லேப் வைத்தாலும் அது போதாது. முற்றம் வீட்டுக் காற்றை மெதுவாக மாற்றும். இங்கே சதையை அறுப்பவரின் முகம் அதற்கு ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கிறது. ஃபேன் ஆவியை அறை முழுக்கப் பரப்பும். ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும்.

பலரும் ஏமாறுவது ‘பயோசேஃப்டி கேபினெட்’ விஷயத்தில். அதன் ஹெப்பா ஃபில்டர் காசநோய்க் கிருமியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரண மாடல்கள் வடிகட்டிய காற்றை அறைக்குள்ளேயே விட்டுவிடும். ஃபார்மலினில் போடாத பச்சைத் திசுவுக்கு அது நல்லது. ஃபார்மலின் வேலைக்கு வேண்டியது ஃபியூம் ஹூட், அல்லது காற்றைக் கீழ்நோக்கி உறிஞ்சும் மேசை. இரண்டிலும் குழாய் கூரைக்கு மேலே போய்த் திறக்க வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னலில் அல்ல. ஹூட்டின் வாயில் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும். டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடித்தால் உள்பக்கம் வளைகிறதா என்று தினமும் பார்த்துவிடலாம். ஏசிக்காக அறையை இறுக மூடிவிட்டால் வெளியேற்றவே காற்றிருக்காது. புதுக்காற்று வர வழி வேண்டும்.

குழாய் இல்லாத ஹூட் விலை குறைவு என்று வாங்குவோர், ஃபார்மால்டிஹைடுக்கென்றே தயாரித்த ஃபில்டரா என்று கேட்க வேண்டும். வெறும் கரி இதைச் சரியாகப் பிடிக்காது. நெடி வந்தால் ஃபில்டரை மாற்றலாம் என்றும் இருக்க முடியாது. மூக்கு சீக்கிரமே பழகிவிடும். ரிப்போர்ட் போன பிறகும் டப்பாக்கள் வாரக்கணக்கில் அலமாரியில் இருக்கும். மூடி தளர்ந்தால் ராத்திரியும் ஆவி கசியும். அந்த அலமாரிக்கும் ஒரு குழாய் வேண்டும்.