நந்தி மலை அடிவாரத்தில் ஒரு குடும்பத்தின் ஒயின் தோட்டம்: நுரை ஒயின் வந்தது எப்படி?

பெங்களூரு: நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரா அருகே அமைந்துள்ளது குரோவர் குடும்பத்தினர் உருவாக்கிய திராட்சைத் தோட்டம். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஒயின் நிபுணர் ஜார்ஜ் வெசெலின் ஆலோசனையுடன், தொழிலதிபர் கன்வல் குரோவர் 1988-இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அவரது மகன் கபில் குரோவர் பொறுப்பேற்றார்.

எனினும், நுரை பொங்கும் 'சோரே' ஒயின், 2012-இல் நாசிக்கின் வாலே தே வின் நிறுவனத்துடன் இணைந்தபோதே இக்குடும்பத்திடம் வந்தது. இணைப்புக்குப் பின் நிறுவனம் 'குரோவர் ஜாம்பா' எனப் பெயர் பெற்றது.

ஷாம்பெயின் முறையில், ஒருமுறை நொதித்த ஒயினுடன் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, மூடிய புட்டியிலேயே மீண்டும் நொதிக்க வைக்கின்றனர். வெளியேற வழியின்றி ஒயினில் கரையும் கரியமில வாயுவே, புட்டியைத் திறக்கும்போது குமிழிகளாகப் பொங்குகிறது. ஆயினும், ஷாம்பெயின் பகுதியில் தயாராகும் ஒயினுக்கு மட்டுமே அப்பெயர் உரியது.