பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

புதுச்சேரியின் குருசுக்குப்பம் கடலோரத்தில் நின்று நிலவை நோக்குவோர்க்கு அதன் ஓட்டம் சீரானதாகவே தோன்றும். உண்மை அதுவன்று. புவியை நெருங்குகையில் நிலவு விரைகிறது, விலகுகையில் தளர்கிறது. சேய்மைப் புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனை அடைய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. இப்பின்னத்தை முழு எண்களைக் கொண்டே கையாண்ட வாக்கியக் கணிதம் இந்நகரில் வழங்கிவந்தது. அதன் தலைவாயிலாக நிற்கும் எண் 16,00,984.

கலியுகத் தொடக்கத்திலிருந்து இத்தனை நாட்கள் கழிந்த நாள், கி.பி. 1282 மே 22. அன்றைய காலையில் நிலவு தன் சேய்மைப் புள்ளியில் இருந்ததாகக் கொண்டு கணக்கு தொடங்குகிறது. இவ்வெண்ணைப் பகுத்தால் 8×7×11×23×113 எனப் பிரிகிறது. ஏழால் மீதியின்றி வகுபடுவதால், கலி பிறந்த வெள்ளிக்கிழமையே அந்நாளுக்கும் கிழமையாயிற்று.

வேண்டிய நாளின் கலிநாட் தொகையிலிருந்து இவ்வெண்ணைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதை 12,372 ஆலும், அதன் மீதியை 3,031 ஆலும், பின்னர் வரும் மீதியை 248 ஆலும் வகுக்க வேண்டும். ஏன் இவ்வெண்கள்? 248 நாட்களில் நிலவு ஏறத்தாழ 9 சுற்றுகளையும், 3,031 நாட்களில் 110 சுற்றுகளையும், 12,372 நாட்களில் 449 சுற்றுகளையும் முடிக்கிறது. 3,031ஐ நான்கால் பெருக்கி 248ஐக் கூட்டினால் 12,372 வரும். 110ஐ நான்கால் பெருக்கி 9ஐக் கூட்டினால் 449 வரும்.

1825 மே 31ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். கலிநாள் 17,99,312. கழித்தால் 1,98,328. முதல் வகுத்தலில் ஈவு 16, மீதி 376. இது 3,031க்குக் குறைவு. 248ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 128. மனனம் செய்த 248 வாக்கியங்களுள் 128ஆவதை எடுத்து, ஈவுகளுக்குரிய அளவுகளைக் கூட்டினால் நிலவின் இடம் கிட்டும்.

அந்நாளிரவின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் கிளிஞ்சல்களைப் பரப்பியே கணித்துக் காட்டினார். சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், 'காலசங்கலிதம்' என்னும் நூலில் இதனைப் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கம் 4 நிமிடங்களே பிழைபட்டது. முடிவோ 52 நிமிடங்கள் பிழைபட்டது. அக்கணிதர் முறையை அறிந்திருந்தார். முறையின் காரணத்தை அறிந்திலர்.

248 நாட் சுழற்சி பண்டைய பாபிலோனியர் கணக்கிலும் உண்டு. அரபுலகின் அப்ஜத் முறையைப் போன்றே இங்கும் எழுத்துகள் எண்களைச் சுமந்தன: 'தேவர' என்பதில் எட்டு, நான்கு, இரண்டு; வலமிருந்து படித்தால் 248. ஏறத்தாழ கி.பி. 1030இல் அல்பீரூனி, இந்தியரின் நாட்கணக்கைக் காரணங்களோடு ஆராய்ந்து எழுதினார். எண்ணைப் பிழையின்றிக் காத்த நினைவாற்றலும், அதன் காரணத்தைத் தேடிய ஆய்வும் ஓரிடத்தில் கூடியிருந்தால், அந்த 52 நிமிடங்கள் திருத்தப்பட்டிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.