எம்16 ரவைக்கூடு

எம்16 ரவைக்கூடு என்பது 5.56×45 மிமீ தோட்டாக்களைப் பயன்படுத்தும் எம்16, எம்4 வகைத் துப்பாக்கிகளில் பொருத்திக் கழற்றக்கூடிய தோட்டாப் பெட்டி ஆகும். இது மேகசின் எனவும் அழைக்கப்படுகிறது. இதன் அளவுகளைப் பின்பற்றிச் செய்யப்படும் கூடுகள் நேட்டோ நாடுகள் பலவற்றின் துப்பாக்கிகளிலும் பொருந்துவதால் இவற்றுக்கு ஸ்டனாக் ரவைக்கூடு என்ற பெயரும் உண்டு. இது துப்பாக்கியின் விலை குறைந்த, எளிதில் சேதமடையும் பாகங்களுள் ஒன்று. ஆயினும் துப்பாக்கி தடையின்றி இயங்குவது பெரிதும் இதன் நிலையையே பொறுத்துள்ளது.

அமைப்பு

ரவைக்கூடு ஐந்து முதன்மைப் பகுதிகளைக் கொண்டது.

* உடல்: தோட்டாக்களை இரு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி வைக்கும் பெட்டி.
* சுருள்வில்: தோட்டா அடுக்கை மேல்நோக்கித் தள்ளுவது.
* தள்ளுதட்டு: சுருள்வில்லுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் இடையில் உள்ள தட்டு.
* உதடுகள்: உடலின் மேல் விளிம்பில் உள்நோக்கி வளைந்த இரு ஓரங்கள். மேலுள்ள தோட்டா வெளியே வந்துவிடாமல் பிடித்து, சரியான உயரத்திலும் கோணத்திலும் நிறுத்துபவை.
* அடித்தட்டு: கூட்டின் அடிப்பகுதியை மூடுவது. துப்புரவு செய்யும்போது கழற்றப்படும்.

இயங்கும் முறை

எம்16 நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 950 குண்டுகள் என்ற வேகத்தில் சுடக்கூடியது. நிமிடத்துக்கு 800 எனக் கொண்டால் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே 75 மில்லிநொடிகளே உள்ளன. அதிலும் போல்ட் பின்னுக்குச் சென்று திரும்பும் சிறு பகுதிக்குள், சுருள்வில் தோட்டா அடுக்கு முழுவதையும் ஒரு படி மேலே உயர்த்தியாக வேண்டும். ஒரு தோட்டாவின் எடை ஏறத்தாழ 12 கிராம் என்பதால் நிறைந்த கூட்டில் உயர்த்தப்பட வேண்டிய சுமை 360 கிராம் அளவுக்கு வரும்.

அடுக்கு உயரத் தாமதமானால் போல்ட் தோட்டாவைத் தவறவிட்டு வெற்று அறையின் மீது மூடிக்கொள்ளும். உதடுகள் அகன்றிருந்தால் தோட்டா முன்னதாகவே விடுபடும்; இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் வந்து சிக்கிக்கொள்ளவும் கூடும். தள்ளுதட்டு சாய்ந்தால் தோட்டாவின் முனை தாழ்ந்து அறையின் வாயிலில் முட்டும். இவை எல்லாம் துப்பாக்கியின் குறை போலத் தோன்றினாலும் காரணம் கூட்டிலேயே உள்ளது.

வரலாறு

தொடக்கத்தில் இத்துப்பாக்கிக்கு 20 தோட்டாக்கள் கொள்ளும், அலுமினியக் கலப்புலோகத்தாலான நேரான கூடு வழங்கப்பட்டது. எடை குறைவாக இருப்பதே அதன் வடிவமைப்பில் முதன்மை பெற்றது. நீண்டகால உழைப்பு எதிர்பார்க்கப்படவில்லை. வியட்நாம் போரில் எம்16 அடிக்கடி சிக்கிக்கொண்டதற்கு வெடிமருந்து மாற்றம், குரோமியம் பூசப்படாத தோட்டா அறை, துப்புரவுக் கருவிகள் போதாமை ஆகியவை முதன்மைக் காரணங்களாக இருந்தன. எனினும் கூட்டின் மீதும் வீரர்களுக்கு ஐயம் இருந்தது. சுருள்வில்லின் அழுத்தத்தைக் குறைப்பதற்காக 20 தோட்டாக் கூட்டில் 18 மட்டுமே நிரப்பும் வழக்கம் பரவியது.

பின்னர் வந்த 30 தோட்டாக் கூட்டின் வடிவம் ஒரு சமரசத்தின் விளைவாகும். 5.56 மிமீ தோட்டா முன்புறம் சற்றே ஒடுங்குவதால் பல தோட்டாக்களை அடுக்கும்போது அடுக்கு இயல்பாகவே வளைகிறது. ஆனால் எம்16 துப்பாக்கியில் கூடு நுழையும் குழி, நேரான 20 தோட்டாக் கூட்டுக்காக அமைக்கப்பட்டது. எனவே புதிய கூடு மேற்பகுதியில் நேராகவும் கீழ்ப்பகுதியில் வளைந்தும் செய்யப்பட்டது. நேர்ப்பகுதியும் வளைவும் சேரும் இடத்தைக் கடக்கும்போது தள்ளுதட்டு சாய்வது இதன் நெடுநாள் குறையாக இருந்தது. இதனால் கருப்பு, பச்சை, மணல் நிறம் என அடையாளமிடப்பட்ட தள்ளுதட்டுகள் அடுத்தடுத்து வந்தன. 2009 இல் அமெரிக்கத் தரைப்படை வழங்கத் தொடங்கிய மணல் நிறத் தட்டு சாய்வைத் தடுக்கும் நீண்ட கால்களைக் கொண்டது.

2007 இல் அமெரிக்கத் தரைப்படை எம்4 துப்பாக்கிகளைக் கடும் புழுதியில் சோதித்தது. 60,000 குண்டுகள் சுடப்பட்டதில் 882 முறை தடை ஏற்பட்டது. அவற்றுள் 239 தடைகள், அதாவது கால் பங்குக்கும் மேற்பட்டவை, ரவைக்கூட்டால் நேர்ந்தவை.

மூலப்பொருட்கள்

அலுமினியம்: எடை குறைந்தது. 30 தோட்டாக் கூடு வெறுமையாக ஏறத்தாழ 115 கிராம் இருக்கும். கீழே விழுந்தால் உதடுகள் வளையும். வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் தோட்டாவின் நிலை மாறிவிடும்.

உருக்கு: வலிமை மிக்கது, ஆனால் எடை கூடியது, துருப்பிடிக்கக்கூடியது.

நெகிழி: அடிபட்டால் வளைந்து மீண்டும் பழைய வடிவத்துக்கு வரும், தாங்கும் எல்லையைக் கடந்தால் விரிசல் விடும். 2007 இல் மேக்புல் நிறுவனம் வெளியிட்ட பிமேக் இவ்வகையைச் சேர்ந்தது. 2016 இல் அமெரிக்க ஈரூடகப் படை இதன் மூன்றாம் தலைமுறைக் கூட்டை ஏற்றுக்கொண்டது. எல்லா நெகிழியும் ஒரே தரத்தது அன்று. இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கிக்கு உரிய நெகிழிக் கூடுகள் 1999 கார்கில் போரின்போது கடுங்குளிரில் விரிசல் விட்டதாக முறையீடுகள் எழுந்தன.

பொருத்தம்

ஸ்டனாக் 4179 என்ற வரைவு 1980 இல் முன்வைக்கப்பட்டது. ஆனால் முறைப்படி ஏற்கப்படவே இல்லை. ஆகவே ஸ்டனாக் என்ற பெயர் தாங்கிய கூடு எல்லாத் துப்பாக்கிகளிலும் பொருந்தும் என்ற உறுதி இல்லை. தொடக்ககாலப் பிமேக் கூடுகள் பிரித்தானியாவின் எஸ்ஏ80, செருமானிய எச்கே416 ஆகியவற்றில் சரியாகப் பொருந்தாமையால் இமேக் என்ற வேறு வடிவம் செய்ய நேர்ந்தது. தோட்டாவும் பொருந்த வேண்டும். எம்855ஏ1 தோட்டாவின் உருக்கு முனை துப்பாக்கியின் உட்பகுதியைச் சேதப்படுத்தியதால், முனையைச் சற்று உயர்த்திக் கொடுக்கும் புதிய கூடு 2016 இல் அறிமுகப்படுத்தப்பட்டது.

நம்பகமான கூட்டைத் தெரிவு செய்தல்

புதிய கூடாயினும் பழைய கூடாயினும் பின்வருவன பார்க்கப்படுகின்றன.

* உதடுகளில் வளைவு, விரிசல் இருத்தலாகாது. உலோகக் கூட்டின் பின்புறப் பற்றவைப்பும் பிளவின்றி இருக்க வேண்டும்.
* வெற்றுக் கூட்டின் தள்ளுதட்டை அழுத்தி விட்டால் சிக்காமல் மேலே வர வேண்டும்.
* வெற்றுக் கூடு துப்பாக்கியில் உறுதியாக மாட்டிக்கொள்ள வேண்டும். விடுவிப்புப் பொத்தானை அழுத்தியதும் தானாக விழ வேண்டும்.
* கடைசித் தோட்டா சுடப்பட்டபின் போல்ட் பின்னால் நிற்க வேண்டும். நிற்காவிடில் சுருள்வில் தளர்ந்திருக்கலாம்.
* முழுதும் நிரம்பிய கூடு, போல்ட் மூடிய நிலையிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். இது கடினமாக இருந்தால் 28 தோட்டாக்களே நிரப்பப்படுகின்றன.

நீண்டநாள் நிரப்பி வைப்பதைக் காட்டிலும் திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்வதே சுருள்வில்லை மிகுதியாகத் தளர்த்துகிறது. கூடுகளில் எண்ணிட்டு வைப்பது பயனுள்ள வழக்கமாகும். தடை ஒரே எண்ணுள்ள கூட்டில் திரும்பத் திரும்ப நேர்ந்தால் குறை கூட்டில் உள்ளது; எல்லாக் கூடுகளிலும் நேர்ந்தால் துப்பாக்கியிலோ தோட்டாவிலோ உள்ளது. குறையுள்ள கூட்டின் உதடுகளைக் கையால் வளைத்துச் சரிசெய்வது நம்பத்தக்கது அன்று. அத்தகைய கூட்டை மற்றவற்றோடு மீண்டும் கலந்துவிடாமல் நசுக்கி அகற்றுவதே பாதுகாப்பானது. கலந்துவிட்டால் அது மற்றொருவரின் கைக்குப் போய்ச் சேரும்.

இவற்றையும் பார்க்க

* எம்16
* இன்சாஸ் துப்பாக்கி
* 5.56×45 மிமீ நேட்டோ