இருவராய் ஓர் ஊர் – 11: கொல்கத்தாவில் இரண்டு இலை

"அவர் சுத்த சைவம். எனக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. வெளியூர் போனால் முதல் நாள் மதியச் சாப்பாட்டிலேயே மனஸ்தாபம் வந்துவிடுகிறது. எங்களுக்கு ஏற்ற மாதிரி ஓர் ஊர் சொல்லுங்கள்" என்று திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கடிதத்தை மடித்து வைப்பதற்குள் இந்த வாரம் எந்த ஊர் என்று முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் நாகப்பட்டினத்துக்காரி. இவர் முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். இப்படி இருவர் ஊர் சுற்றக் கிளம்பினால், யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார். இல்லாவிட்டால் இருவரும் பொதுவாக ஒரு ஓட்டலைப் பிடித்து, எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் பனீர் பட்டர் மசாலாவைச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்த ஊரின் சாப்பாட்டை இருவருமே ருசித்திருக்க மாட்டார்கள். கொல்கத்தாவில் அப்படி நடக்க வேண்டியதில்லை. மீனுக்குப் பேர்போன அந்த ஊரில்தான், நம் நாட்டின் மிக நுணுக்கமான சைவச் சமையல்களில் ஒன்றும் இருக்கிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு இலையில், இருவரும் வங்காளத்தையே சாப்பிடலாம்.

போவதற்கு டிசம்பர், ஜனவரி மாதங்கள் நல்லவை. மழைக்காலத்தில் போனால் இலிஷ் கிடைக்கும், நம் பக்கத்தில் உள்ளம் மீன் என்போமே, அதுதான். ஆனால் புழுக்கத்தில் நடக்க முடியாது. குளிர்காலத்தில் ஈச்சம்பதநீரில் காய்ச்சிய புது வெல்லம் வந்துவிடும். அதற்காக நான் இலிஷை விட்டுக்கொடுக்கத் தயார். சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரம். தங்குவதற்கு பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு பக்கம் அறை எடுத்தால் மெட்ரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 1984-இல் ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் மெட்ரோ அது. வடக்கே சோபாபஜார் முதல் தெற்கே காளிகாட் வரை, இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான இடங்களுக்கு அந்த ஒரே தடம் போதும்.

முதல் காலை, விடிந்ததும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள். ஹவுரா பாலம் கொல்கத்தாப் பக்கம் இறங்கும் இடத்தில், ஆற்றங்கரையோடு இருக்கிறது. சாமந்தி மாலைகளைக் கயிறு கயிறாகத் தோளிலும் தலையிலும் சுமந்துகொண்டு ஆட்கள் வேகமாக வருவார்கள். ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அங்கிருந்து பாலத்தில் ஏறி நடந்தே மறுகரைக்குப் போகலாம். 1943-இல் திறந்த பாலம் அது. 705 மீட்டர் நீளம். போல்ட்டும் நட்டும் இல்லாமல், முழுக்க முழுக்க ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். நடக்கும்போது காலடியில் அதிர்வு தெரியும். மறுகரையில் ஹவுரா படித்துறையில் சில ரூபாய்க்கு டிக்கெட் வாங்கி, சோபாபஜார் பக்கம் போகும் லாஞ்சில் ஏறிக்கொள்ளுங்கள். இந்த ஆற்றுக்கு அடியில் 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோவும் ஓடுகிறது. அதில் ஒரு நிமிடத்துக்குள் அக்கரை வந்துவிடும். எனக்கு லாஞ்சுதான் பிடிக்கும். படித்துறைகளில் குளிப்பவர்கள், பல் துலக்குபவர்கள், பழைய கிடங்குகளின் சுவரைப் பிளந்து வளர்ந்த அரசமரங்கள் என்று வடக்குக் கொல்கத்தா முழுவதையும் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம்.

இறங்கினால் குமார்துலி பக்கம்தான். சாமி சிலை செய்யும் குயவர்களின் தெரு. துர்கா பூஜைக்கு முந்தைய மாதங்களில் இங்கே கால் வைக்க இடமிருக்காது. ஜனவரியில் போனால் சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் தயாராகிக்கொண்டிருக்கும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி உருவம் எடுக்கிறார்கள், அதன்மேல் களிமண்ணைப் பூசிக் காயவைத்து வண்ணம் தீட்டுகிறார்கள். தலை இல்லாத வைக்கோல் தேவிகள் வரிசையாக நிற்கும் சந்தில் இருவர் சேர்ந்து நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். கிரீடத்துக்கும் நகைகளுக்கும் அவர்கள் எடுக்கும் வெள்ளைப் பொருள், தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிறார்களே, அதே நெட்டிதான். இவர் தஞ்சாவூர். கடைக்காரரிடம் ஒரு துண்டை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்து, "அட, நம்ம நெட்டி!" என்றபோது இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போகலாம்.

பசிக்கும். தெருமுனையில் கச்சோரி பொரிப்பார்கள். வட இந்தியாவின் மொறுமொறு கச்சோரி இல்லை. மெத்தென்று, உள்ளே பருப்பும் பெருங்காயமும் வைத்தது. உருளைக்கிழங்குக் குழம்போ கடலைப்பருப்போ சேர்த்துத் தருவார்கள். ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் எங்கே சாப்பிட்டாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். அப்போதுதான் அடுத்த கடைக்கும் வயிற்றில் இடமிருக்கும்.

தாகூர் 1861-இல் பிறந்து 1941-இல் உயிர்விட்ட ஜோராசாங்கோ வீடு இங்கிருந்து தூரமில்லை. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும். விக்டோரியா நினைவு மண்டபத்தின் காட்சிக்கூடங்களுக்கும் திங்கள் விடுமுறைதான். அதனால் ஞாயிறு, திங்கள் என்று திட்டம் போடாதீர்கள்.

மதியத்துக்குள் காலேஜ் ஸ்ட்ரீட் வந்துவிடுங்கள். நடைபாதை முழுக்கப் புத்தகக் கடைகள். மாடியில் காஃபி ஹவுஸ் இருக்கிறது. உயர்ந்த கூரை, சுவரில் தாகூர், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். அங்கே பால் சேர்க்காத காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்த நமக்கு அந்தக் காபி ஒரு பொருட்டில்லை. ஆனால் பக்கத்து மேசைகளில் நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம்.

சாப்பாட்டுக்கு அருகிலேயே பவானி தத்தா சந்தில் 'ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல்' இருக்கிறது. இம்மாதிரிச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொல்கத்தாவில் பைஸ் ஹோட்டல் என்று பெயர். மெஸ்ஸில் தங்கிப் படித்த மாணவர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் சோறு போட்டு வளர்ந்த கடைகள். வாழை இலையில் சோறு வரும். மற்றதெல்லாம் தனித்தனி விலை. பலகையில் அன்றன்றைக்கு எழுதிப் போடுவார்கள். இவர் உட்கார்ந்ததுமே சொன்னது ஒரே வார்த்தை: "நிராமிஷ்." சைவம் சாப்பிடும் யாரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. ஏனென்றால் வங்காளத்தில் வாழைப்பூவிலும் சுரைக்காயிலும் இறால் போடுவார்கள். பாசிப்பருப்பில் மீன் தலை கிடக்கும். நிராமிஷ் என்று சொல்லிவிட்டால் வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

வங்காளச் சாப்பாடு கசப்பில் தொடங்கும். முதலில் சுக்தோ: பாகற்காய், வாழைக்காய், சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்ந்த, வெளிறிய குழம்பு. "முருங்கைக்காய் போட்டிருக்காங்க, பார்" என்று இவர் என் பக்கம் தள்ளினார். பிறகு பருப்பும் வறுவலும். பிறகு எனக்கு வாழை இலையில் சுற்றி வேகவைத்த பேட்கி மீன், கடுகு விழுது காரத்தோடு. பேட்கி நம் கொடுவாதான். ஆனால் கடுகெண்ணெயில் அதன் குணமே மாறிவிடுகிறது. தேங்காய்ப்பாலில் இறாலும் வந்தது. இவர் இலையில் வாழைப்பூப் பொரியல், கசகசா அரைத்துவிட்ட உருளைக்கிழங்கு, பிறகு தோகார் டால்னா. கடலைப்பருப்பை அரைத்து வில்லைகளாக வெட்டிப் பொரித்துக் குழம்பில் போடுவது. நம் பருப்பு உருண்டைக் குழம்புக்கு ஒன்றுவிட்ட அக்கா. கடைசியில் தக்காளியில் இனிப்புச் சட்னி, அப்பளம், இனிப்புத் தயிர்.

அந்தச் சைவ இலையைச் சும்மா ருசித்துவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. அதன் பெரும்பகுதி விதவைகள் உருவாக்கியது. மேல்சாதி இந்துக் குடும்பங்களில் கணவன் போனதும் பெண்ணுக்கு மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு எல்லாம் விலக்கு. மசூர் பருப்புகூட ஆகாது. ஏகாதசியன்று பிராமண விதவைகள் தண்ணீரும் குடிக்கக் கூடாது. பத்து, பன்னிரண்டு வயதில் அந்தக் கதிக்கு ஆளான சிறுமிகள் ஏராளம். மீன் குழம்பு கொதிக்கும் அதே வீட்டில், தனி அடுப்பில், வாழைத்தண்டு, பூ, காய்கறித் தோல், பருப்பு வடகம், கசகசா என்று மற்றவர்கள் ஒதுக்கியதையெல்லாம் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு சமையலையே படைத்தார்கள். பூண்டு இல்லாத குறையை இஞ்சியும் பெருங்காயமும் ஈடுகட்டின. "எங்க பாட்டியும் ராத்திரி சோறு தொட்டதில்லை. இருபத்தஞ்சு வயசிலிருந்து பலகாரம்தான்" என்று இவர் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

சாப்பிட்டுவிட்டு எதிரே காலேஜ் ஸ்கொயருக்குப் போனால் ஈசுவர சந்திர வித்யாசாகரின் சிலை இருக்கிறது. பக்கத்திலிருக்கும் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சாஸ்திரங்களிலிருந்தே ஆதாரம் எடுத்துக் காட்டி அவர் போராடியதால்தான் 1856 ஜூலையில் விதவை மறுமணச் சட்டம் வந்தது. அந்த டிசம்பரிலேயே, இங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சுகியா தெருவில், அவர் முன்நின்று முதல் திருமணத்தை நடத்திவைத்தார். 1870-இல் தன் மகனுக்கும் ஒரு விதவையையே மணமுடித்தார். ஆனால் சட்டம் வந்த பிறகும் அடுப்படி விதிகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. இன்று அதே பண்டங்கள் பெரிய ஓட்டல்களில் பெருமையோடு பரிமாறப்படுகின்றன. சமைத்த பெண்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

வெயில் தாழ பார்க் ஸ்ட்ரீட் பக்கம் போங்கள். விக்டோரியா மண்டபத்தை வெளியிலிருந்து, புல்வெளியில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அந்தத் தோட்டம் பல காலமாகக் கொல்கத்தாக் காதலர்களின் இடம். யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. நேரத்தை சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கு மிச்சம் பிடியுங்கள். 1767-இல் தொடங்கியது. மரநிழலில் பிரமிடும் தூபியும் மண்டபமுமாகக் கல்லறைகள். சமஸ்கிருதம் படித்த வில்லியம் ஜோன்ஸ் இங்கேதான் இருக்கிறார். இருபத்திரண்டாவது வயதில் இறந்த கவிஞர் டெரோசியோவும் இருக்கிறார். கல்வெட்டுகளில் வயதைப் படித்துக்கொண்டே போனால் இருபது, இருபத்தைந்து என்று வந்துகொண்டே இருக்கும்.

வெளியே வந்து மல்லிக் பஜார் முனைக்கு நடந்தால் ஷிராஸ் ஓட்டல். இங்கே என் முறை. கொல்கத்தா பிரியாணியில் நீள அரிசி, தாழம்பூ வாசனை, கறியோடு ஒரு முழு உருளைக்கிழங்கு. ஆம்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் பழகிய நாக்குக்கு முதல் கவளத்தில் காரம் போதாது. அவசரப்படாதீர்கள். கறியின் சாறு முழுவதையும் அந்தக் கிழங்கு குடித்துவைத்திருக்கும். இவர் எதிரே உட்கார்ந்து மண்கிண்ணத்தில் ஃபிர்னி சாப்பிட்டார்.

அந்தக் கிழங்கும் 1856-இல் தொடங்கும் கதைதான். அவத் நாட்டை அந்த ஆண்டு பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. நவாப் வாஜித் அலி ஷா, லண்டன் போய் ராணியிடம் முறையிடும் எண்ணத்தோடு மே மாதம் கொல்கத்தா வந்து சேர்ந்தார். அவரால் போக முடியவில்லை; அவர் தாயார் போனார், வழக்கு எடுபடாமல் 1858-இல் பாரிஸில் இறந்தார். நவாப் ஆற்றங்கரையோரம் மட்டியாபுர்ஜில் தங்கிவிட்டார். சமையல்காரர்கள், பாடகர்கள், தையல்காரர்கள் என்று லக்னோவே அவர் பின்னால் வந்தது. கறி வாங்கக் காசில்லாமல் கிழங்கைப் போட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வாங்கியவர், சொந்தமாக மிருகக்காட்சிசாலையே வைத்திருந்தவர். அன்றைக்கு உருளைக்கிழங்கு புதுமையான காய். அரசரின் அடுப்படியில் புதுப்பொருளை வைத்துச் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்பதே பொருத்தமாக இருக்கிறது.

ஆக, மே மாதம் வந்து இறங்கிய ஒருவர், ஜூலையில் வந்த ஒரு சட்டம். எங்கள் இரண்டு இலைக்கும் பின்னால் ஒரே ஆண்டு. மறுநாள் டாக்சி பிடித்து மட்டியாபுர்ஜ் போய், நவாப் கட்டி, தானே அடங்கியிருக்கும் சிப்தைனாபாத் இமாம்பாராவைப் பார்த்தோம். சுற்றுலாக் கூட்டம் இல்லாத இடம். வெள்ளிக்கிழமை தவிர்த்துப் போங்கள். தொழுகை நேரத்தில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது.

இனிப்பு இருவருக்கும் பொது. ஹேதுவா பக்கம் நகுர் கடையில் சந்தேஷ் சாப்பிடுங்கள். 1844-இலிருந்து நடக்கும் கடை. குளிர்காலமாக இருந்தால் நோலேன் குர் என்று கேட்டு வாங்குங்கள், ஈச்ச வெல்லத்தின் புகைமணம் அதில்தான் இருக்கும். ரசகுல்லாவைவிட எனக்கு அதுவே ஒரு படி மேல். இரண்டாம் நாள் முடிவில் உங்களுக்கு இட்லி ஏக்கம் வந்தால் காளிகாட் மெட்ரோவில் இறங்கி லேக் மார்க்கெட் போகலாம். தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி. கறிவேப்பிலையும் காபிப்பொடியும் கிடைக்கும். டிராம் 1902-இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. இப்போது மிகச் சில தடங்களே மிச்சம். கண்ணில் பட்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள்.

ஊருக்கு வாங்கிவர ஈச்ச வெல்லத்தில் 'பாட்டாலி' என்ற கட்டி வகையைக் கேளுங்கள். பாகு வகை ரயிலில் கசிந்துவிடும். திருச்சி வாசகி தன் கணவரோடு போய்வந்து, யார் இலையில் எது வந்தது என்று எழுத வேண்டும். அடுத்த வாரம், வாஜித் அலி ஷா விட்டுவிட்டு வந்த லக்னோ.