கூட்டு உத்தரத்தில் வெட்டு விசை

எஃகு ஐ-பீமின் மேல் கான்கிரீட் தளம் வெறுமனே கிடந்தால், பாரம் ஏறும்போது இரண்டும் தனித்தனியாக வளையும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பலகைகளைப் போல நடுவே வழுக்கும். பீமின் மேல்தட்டில் தலையுள்ள எஃகு ஆணிகளைப் பற்றவைத்துக் கான்கிரீட்டுக்குள் புதைத்தால் வழுக்கல் நிற்கும். தளம் அமுக்கத்தையும் எஃகு இழுவிசையையும் ஏற்று, இரண்டும் ஒரே உறுப்பாக வேலை செய்யும். இதுவே கூட்டு உத்தரம். ‘ஸ்டட்’ எனப்படும் அந்த ஆணிகள் இல்லையேல் கூட்டும் இல்லை.

இதில் இரண்டு வெட்டு விசைகள் உண்டு. ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ் போன்ற மென்பொருள்கள் வரைபடமாகக் காட்டுவது செங்குத்து விசையை. எஃகும் கான்கிரீட்டும் சந்திக்கும் தளத்தில் பீமின் நீளவாக்கில் ஓடும் கிடை விசை அந்தப் படத்தில் தெரியாது. பெரியது பெரும்பாலும் அதுதான்.

திருப்பூர்ப் பின்னலாடை ஆலை ஒன்றில் இடைத்தளம் கட்டுவதாகக் கொள்வோம். பீமின் நீளம் 8 மீட்டர், பீம்களின் இடைவெளி 2.5 மீட்டர், 125 மி.மீ. தடிமனில் எம்25 கான்கிரீட் தளம், ஐஎஸ்எம்பி 350 பீம். பாதுகாப்புக் காரணியோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 கிலோநியூட்டன் பாரம் என்றால், பீமின் மேல் மீட்டருக்கு 37.5, முனையில் செங்குத்து வெட்டு விசை 150 கிலோநியூட்டன். பீமின் நடுத்தகடு ஐஎஸ் 800 விதிப்படி சுமார் 372 வரை தாங்கும். கவலையில்லை.

கிடை விசைக்கு வேறு கணக்கு. எஃகுக் குறுக்குவெட்டு முழுவதும் தன் வலிமை எல்லைக்கு இழுபட்டால் 1,516 கிலோநியூட்டன். பலனளிக்கும் அகலமான 2 மீட்டர் கான்கிரீட் 2,250 வரை ஏற்கும். இரண்டில் சிறியதான 1,516 பாதி நீளத்துக்குள் ஆணிகள் வழியே கடந்தாக வேண்டும். செங்குத்து விசையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு! 19 மி.மீ. ஆணி ஒன்று 60 கிலோநியூட்டன் தாங்கும் எனக் கொண்டால் பாதிக்கு 26, முழு பீமுக்கு 52 ஆணிகள், சுமார் 15 செ.மீ.க்கு ஒன்று. இந்த 37.5 பாரத்துக்கு முழு வலிமையும் தேவைப்படாததால், விதி அனுமதிக்கும் அளவுக்கு ஆணிகளைக் குறைத்துப் பகுதி இணைப்பாகவும் வடிவமைக்கலாம்.

ஓர் ஆணியின் தாங்குதிறன் இரண்டு வழிகளில் கணிக்கப்படுகிறது: ஆணியே அறுபடுவது, சுற்றியுள்ள கான்கிரீட் நொறுங்குவது. எது குறைவோ அதுவே கணக்கில் சேரும். நெளிதகட்டின் மேல் தளம் வார்த்தால் நெளிவின் உயரம், அகலம், திசைக்கேற்ப அதையும் குறைக்க வேண்டும். தட்டைத் தளம் என்று மென்பொருளில் பதிந்துவிட்டால் விடை பாதுகாப்பற்ற பக்கம் சாயும்.

கட்டும் வரிசை இன்னொரு முக்கிய உள்ளீடு. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலம், ஹோப் காலேஜ் அருகே ரயில் பாதையை எஃகு உத்தரங்களால் கடக்கிறது. ரயில் ஓடும் தடத்தின் மேல் முட்டுக்கொடுக்க இடம் கிடைப்பது அரிது. முட்டில்லாமல் தளம் வார்க்கும்போது ஈரக் கான்கிரீட்டின் எடையை எஃகு மட்டுமே சுமக்கும். இறுகிய பின் வரும் பாரத்தையே கூட்டு உத்தரம் ஏற்கும். ஆகவே பாலங்களில் மீள்நிலைக் கணக்கில் ஆணிகளுக்கு உரியது பிந்தைய பாரத்தின் வெட்டு விசைதான். நிரந்தரப் பாரத்துக்குக் கான்கிரீட்டின் நெடுநாள் ஊர்வையும் சேர்க்க வேண்டும். பாலங்களுக்கு ஐஆர்சி 22, கட்டடங்களுக்கு ஐஎஸ் 11384 ஆகியவை இதற்கான விதிநூல்கள்.