லேகாக்: தெரியுமா இந்தக் கிராமத்தை?

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கிறது லேகாக். முக்கியத் தெருக்கள் நாலே நாலுதான். ஊரைச் சுற்றிவரக் கொஞ்ச நேரம் போதும். ஆச்சரியப்பட்டு முடிக்கத்தான் நாள் போதாது!

● இங்குள்ள கன்னியர் மடத்தை 1229-இல் நிறுவியவர் ஈலா என்ற சீமாட்டி. அந்தக் காலத்திலேயே வில்ட்ஷயருக்கு ஷெரீஃபாக இருந்து அதிகாரம் செய்தவர்! பிறகு அதே மடத்தில் துறவியாகித் தலைவியும் ஆனார்.

● இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1225-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று, பல நூற்றாண்டுகள் இந்த மடத்தில்தான் பத்திரமாக இருந்தது. இப்போது அது பிரிட்டிஷ் நூலகத்தின் பொக்கிஷம்!

● விருந்தில் மது பருகுவதற்காகச் செய்த 15-ஆம் நூற்றாண்டு வெள்ளிக் கிண்ணம், ஊர்த் தேவாலயத்தில் வழிபாட்டுப் பாத்திரமானது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் மியூசியமும் வில்ட்ஷயர் மியூசியமும் சேர்ந்து அதை வாங்கியபோது விலை என்ன தெரியுமா? 13 லட்சம் பவுண்டு!

● ஊரிலுள்ள ஜார்ஜ் விடுதியின் அடுப்பருகே ஒரு மரச்சக்கரம். அந்தக் காலத்தில் அதன் உள்ளே நாய் ஓட ஓட, கம்பியில் குத்திய இறைச்சி நெருப்பின் மேல் சுழலுமாம். சமையற்கட்டில் நாய்க்கு வேலை!

● இன்று கிடைக்கும் உலகின் மிகப் பழைய போட்டோ நெகட்டிவ் லேகாக்கில் பிறந்தது! 1835 ஆகஸ்டில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தன் மாளிகை ஜன்னலைப் படம் பிடித்தார். அவருடைய குட்டிக் கேமராப் பெட்டிகளுக்கு மனைவி வைத்த செல்லப் பெயர் 'எலிப்பொறி'. அந்த எலிப்பொறியில் சிக்கிய ஜன்னல் கண்ணாடிகள் சுமார் 200. பூதக்கண்ணாடி வைத்தால் எண்ணிவிடலாம் என்று அவரே எழுதிவைத்தார்.

● மாளிகையா, மடமா? இரண்டும் ஒன்றுதான்! மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியதும் இதை வாங்கியவர் வீடாக்கிக்கொண்டார். அவர் உறவுவழியில் அது டால்பட் குடும்பத்துக்கு வந்தது.

● ஹாரி பாட்டரின் முதல் படத்தில் ஹாக்வர்ட்ஸ் தாழ்வாரமாக வருவது இந்த மடத்தின் தாழ்வாரங்கள்தான். 1995-இன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் மெரிட்டன் நகரமாக வருவதும் லேகாக்தான்!

இத்தனை பழமை எப்படித் தப்பியது? ஊரே ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்ததால், இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட ஆளில்லை. 1944-இல் மட்டில்டா டால்பட் மாளிகையோடு கிராமத்தையும் பழமையைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். அதனால் இன்றும் கூரைமேல் டிவி ஆண்டெனா கிடையாது. தெருவில் மின்கம்பியும் தொங்காது. ஆனாலும் இது காட்சிக்கு வைத்த ஊரல்ல. டிரஸ்ட்டுக்கு வாடகை கட்டி மக்கள் குடியிருக்கும் ஊர்!