ஆள் இல்லாத வீடு

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டபோது, பத்து நாளில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவள் நான். 2015இல்தான் எமது காணி விடுவிக்கப்பட்டது. திறப்பு என்னிடம் இருந்தது. கதவும் கூரையும் இல்லை. சாமியறைக்குள் அரசமரம் வேரோடியிருந்தது.

அந்த வருடமே வீட்டுத்திட்ட அலுவலாக யாழ்ப்பாணம் கச்சேரிக்குப் போனேன். அருகில் பழைய பூங்கா. 19ஆம் நூற்றாண்டில் நீண்டகாலம் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உருவாக்கியது. அதிபர்கள் குடியிருந்த பெரிய வீடு போரில் சிதைந்து வெறும் சுவர்களாக நின்றது. கூட வந்த அயல்வீட்டு ஆச்சி, “பிள்ளை, எங்கட வீடும் அரசாங்கத்தின்ர வீடும் ஒண்டுதான். ஆள் இல்லாட்டிக் கறையான்தான் குடியிருக்கும்” என்றார்.

அன்று தொடக்கம் எனக்குள் ஒரு கேள்வி. ஆளின்றிக் கிடக்கும் அரசாங்கத்தின் பழைய வீடுகளில் மீண்டும் மனிதர் வாழக் கூடாதா?

காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. பல வீடுகள் விடுதிகளாகிவிட்டாலும் இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. கொழும்பில் ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரியைத் திருத்தி, 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். வியாபாரத்துக்குக் கிடைத்த வழி குடியிருப்புக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

குடியிருந்தால் பழைமை கெட்டுவிடும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதே. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பாதுகாக்கும் கட்டடங்களில் அனுமதியின்றிக் கைவைக்கவும் முடியாது. போரின் சாட்சியாக அப்படியே விடுங்கள் என்போரும் உண்டு. முற்றாக இடிந்தவற்றைச் சாட்சியாக விடலாம். அத்திவாரமும் சுவரும் உறுதியாக உள்ளவற்றையே நான் கேட்கிறேன்.

யாருக்காக? வன்னியிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்து, பாதுகாப்பான அறை தேடி அலையும் பெண் பிள்ளைகளுக்காக. பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தனித்துப்போன தாய்மாருக்காக.

ஆனால் நலன்புரி நிலையங்களில் வருடக்கணக்காக இருந்த எமக்கு, ‘தற்காலிகம்’ என்ற சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். கட்டடம் அரசாங்கத்தினதாகவே இருக்கட்டும். குடியிருக்கும் உரிமை, எத்தனை வருடத்துக்கு என்று குறித்து, அந்தப் பெண்ணின் பெயரிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, தண்ணீர், மலசலகூடம், மின்விளக்கு ஆகியன முதலில் வேண்டும். இவை இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு முகாம்தான்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் பழைய அரசாங்க வீடு ஒன்று இருக்கலாம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கதையுங்கள். எந்த வீடு, எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு உதவும் என்று எழுதிப் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். நாம் கேட்காவிட்டால் கறையான் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.